ஏழு கட்டம் இருந்தால் ஏழு போட்டோ வேண்டுமா?

கேள்வி இதுதான். மகனுடைய காதுகுத்துப் போட்டோக்களை வைத்து டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கம் (போட்டோவும் அலங்காரமும் நாலு வரி எழுத்தும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் செய்யும் நினைவுப் பக்கம்) ஒன்று செய்ய ஆசைப்பட்டு, ஏழு போட்டோ வைக்கிற மாதிரி ஒரு லேயர் டெம்ப்ளேட் வாங்கியிருக்கிறீர்கள், அதாவது கட்டம், பேப்பர், தலைப்பு ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக (லேயராக) இருக்கும் தயார் ஃபைல். ஏழு கட்டத்தையும் நிரப்பிவிட்டீர்கள். ஆனால் பக்கத்தைப் பார்த்தால் மண்டப வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ் மாதிரி இருக்கிறது. தமிழில் தலைப்பு அடித்தால் எழுத்து உடைகிறது. எங்கே தப்பு என்று கேட்கிறீர்கள். நன்றாக வந்தால் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கும் செய்து தரலாமா என்பது கடைசிக் கேள்வி.

கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவது என் தொழில். 12-க்கு 36 அங்குல டெம்ப்ளேட்டோடு பதினொரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஸ்கிராப்புக் வீட்டுக்காகச் செய்வது. இரண்டுக்கும் ஃபோட்டோஷாப் ஒன்றுதான், வேலைதான் வேறு. கல்யாண ஆல்பத்தில் யாரும் விட்டுப்போகக் கூடாது, சித்தப்பா இல்லையென்றால் சண்டை வரும். ஸ்கிராப்புக்கில் முக்கால்வாசிப் போட்டோவை விட்டுவிட வேண்டும். உங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் மாதிரி ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

டெய்லரிடம் அளவு பிளவுஸ் கொடுக்கிறோம் இல்லையா, டெம்ப்ளேட்டும் அப்படித்தான். தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று அது சொல்லும். துணி என்ன, கழுத்து எவ்வளவு இறக்கம் என்பது நம் முடிவு. கை வேண்டாமென்றால் கை இல்லாமலும் தைக்கலாம். ஏழு கட்டம் கொடுத்திருப்பதால் ஏழு போட்டோ வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என் தங்கச்சி மகன் காதுகுத்துக்கு நான் செய்த பக்கத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தாய்மாமன் நான்தான், மடி என்னுடையது, அதனால் போட்டோ எடுத்தது வேறு ஆள். டெம்ப்ளேட்டில் ஏழு கட்டம்: வலப்பக்கம் ஆறு அங்குலத்தில் ஒரு பெரிய சதுரம், இடப்பக்கம் இரண்டு நடுத்தரக் கட்டங்கள், கீழே இரண்டு அங்குலத்தில் நான்கு குட்டிச் சதுரங்கள் வரிசையாக. கையில் இருந்தது எண்பது போட்டோவுக்கு மேல். நான் எடுத்துக்கொண்டது மூன்று.

முதலாவது, ஊசி பட்ட நொடி. பையன் வாய் முழுக்கத் திறந்து கத்துகிறான், என் கை அவன் தலையைப் பிடித்திருக்கிறது. இரண்டாவது, ஆசாரியின் விரலும் அந்தக் குட்டிக் காதும் மட்டும். மூன்றாவது, குலதெய்வக் கோயில் திண்ணையில் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிற அகலப் போட்டோ. அவன் அழ அழ இவர்கள் சிரிக்கிறார்கள். இந்த மூன்றுக்குள் அன்றைய நாள் அடங்கிவிட்டது. மாலை, சீர்த்தட்டு, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் ஆல்பத்துக்குப் போகட்டும்.

பெரிய சதுரத்தில் முதல் போட்டோ. இடப்பக்க மேல் கட்டத்தில் ஆசாரி விரல். அதற்குக் கீழே இருந்த கட்டத்தில் போட்டோ வைக்காமல் வெறும் பேப்பர் (தாள் மாதிரியே இருக்கும் பின்னணிப் படம்) வைத்து எழுதும் இடமாக்கிவிட்டேன். நான்கு குட்டிச் சதுரத்திலும் சேர்த்து ஒரே போட்டோ, அந்தத் திண்ணை வரிசை, ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பது மாதிரி. இதைச் செய்வது சுலபம். நான்கு சதுர லேயரையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக மெர்ஜ் செய்துவிட்டு, அதன்மேல் ஒரே போட்டோவை வைக்க வேண்டியதுதான். கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு சதுரத்துக்கு நடுவிலுள்ள இடைவெளியில் யார் முகமும் மாட்டக் கூடாது. எனக்கு என் அத்தை மாட்டினார். போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கி, இடப்பக்கம் நகர்த்தி அவரைக் காப்பாற்றினேன்.

சரி, இனி வேலைக்கு வருவோம். டெம்ப்ளேட் ஃபைலைத் திறந்ததும் வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்துவிட்டு மூலத்தை மூடி வைத்துவிடுங்கள். அப்புறம் லேயர் பேனலில் ஒவ்வொரு லேயரின் கண் குறியையும் அணைத்து ஏற்றி, எது போட்டோ, எது பேப்பர், எது தலைப்பு, எது வெறும் ரிப்பன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஆகும், பின்னால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

போட்டோவைக் கட்டத்துக்குள் வைப்பதற்கு கிளிப்பிங் மாஸ்க் என்று பெயர். சாம்பல் நிறக் கட்டம் கீழ் லேயர், போட்டோ அதற்கு நேர் மேல் லேயர். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவிலுள்ள கோட்டில் கிளிக் செய்தால் போட்டோ கட்டத்தின் வடிவத்துக்குள் அடங்கிவிடும். விசைப்பலகையில் செய்வதானால் கண்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து. போட்டோ கட்டத்தைவிட்டு வெளியே வழிகிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான்: போட்டோவுக்கும் கட்டத்துக்கும் நடுவில் வேறு ஏதோ லேயர் புகுந்திருக்கும். அழிரப்பரை எடுத்து வெளியே வழிவதைத் தேய்க்காதீர்கள். பிறகு நகர்த்த முடியாமல் போய்விடும்.

போட்டோவைச் சிறிதாக்கும் முன்பு அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். நாலு தடவை சுருக்கி விரித்தாலும் தரம் குறையாது. இன்னொரு சின்ன விஷயம்: பழைய ஃபோட்டோஷாப்பில் ஷிஃப்ட் அழுத்தினால்தான் நீள அகல விகிதம் மாறாமல் இருக்கும், 2019 பதிப்பிலிருந்து நேர் தலைகீழ். இரண்டு கம்ப்யூட்டரில் மாறி மாறி வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள் தினமும் யாராவது ஒருவர் முகத்தை இழுத்து நீட்டிவிட்டுத்தான் இதை ஞாபகப்படுத்திக்கொள்கிறோம்.

ஃபோட்டோஷாப் இல்லையென்றால் ஃபோட்டோபீ இருக்கிறது. பிரவுசரிலேயே இலவசமாகத் திறக்கும், ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. ஃபைலை லேயர் லேயராகக் காட்டும், கிளிப்பிங் மாஸ்க்கும் உண்டு. ஜிம்ப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் வழி கொஞ்சம் சுற்று: கட்டத்தின் லேயரிலிருந்து 'ஆல்ஃபா டு செலக்ஷன்' எடுத்து, அந்தத் தேர்வை போட்டோ லேயருக்கு மாஸ்க்காகப் போட வேண்டும். வேலை நடக்கும், ஆனால் போட்டோவை நகர்த்தும்போதெல்லாம் மாஸ்க்கும் கூடவே வரும்.

அளவு விஷயம் கொஞ்சம் கணக்கு. ஸ்கிராப்புக் அமெரிக்கக் காகிதப் பொழுதுபோக்காக வளர்ந்தது, அங்கே வழக்கமான தாள் 12-க்கு 12 அங்குலம், அதே அளவுதான் கம்ப்யூட்டருக்கும் வந்தது. (ஒட்டுகிற சிரமத்தைக் குறைக்கும் ஆசை புதிதல்ல. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-லேயே பக்கத்தில் முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார், தண்ணீர் தொட்டு ஒட்ட வேண்டியதுதான்.) பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் முழுப் பக்கம் 3600-க்கு 3600. ஆறு அங்குலச் சதுரத்துக்கு 1800 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000-க்கு 3000, தாராளம். ஆனால் அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்டு வந்தால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். குறுகிய பக்கம் அதைவிடக் குறைவு, சதுரமாக வெட்டினால் நான்கு அங்குலம்தான் தாங்கும். ஆகவே பெரிய கட்டத்துக்கான போட்டோவை மட்டுமாவது எடுத்தவரிடம் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். சின்னக் கட்டத்துக்கு வாட்ஸ்அப் படமே போதும்.

தாத்தா காலத்துப் போட்டோ சேர்ப்பதானால் போனில் எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளைப் படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் சுமார் 1400-க்கு 2100 பிக்சல் வரும். பக்கத்தில் நாலரைக்கு ஏழு அங்குலம் வரை வைக்கலாம், அதாவது அசலைப்போல் இரண்டு மடங்கு.

டெம்ப்ளேட்டைத் திருப்பிக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பெரிய போட்டோவில் ஆள் வலப்பக்கம் பார்க்கிறார், கட்டமும் வலது ஓரத்தில் இருக்கிறது என்றால் அவர் பக்கத்தைவிட்டு வெளியே பார்ப்பது மாதிரி இருக்கும். முழு கேன்வாஸையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டால் கட்டம் இடப்பக்கம் வந்துவிடும், ஆள் உள்ளே பார்ப்பார். 90 டிகிரி சுழற்றினால் நெட்டுக் கட்டமெல்லாம் கிடையாகும். ஒரு டெம்ப்ளேட் வாங்கினால் நாலைந்து டெம்ப்ளேட் கணக்கு. ஆனால் இதைப் போட்டோ வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். போட்டோவை மட்டும் ஒருபோதும் புரட்டாதீர்கள். நான் ஒரு கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் அம்மா படத்தைப் புரட்டி வைத்தேன், பக்க அமைப்புக்கு அழகாகப் பொருந்தியது. ஆல்பம் பிரிண்டாகிப் போன பிறகு அந்த வீட்டுப் பாட்டி ஒரே பார்வையில் கேட்டார்: "முந்தானை ஏன் வலது தோளில் கிடக்கு?" மறுபிரிண்ட் செலவு என் கணக்கில். சட்டைப் பை, பட்டன் வரிசை, பின்னால் இருக்கும் கடைப் பலகை எல்லாம் இப்படித்தான் காட்டிக் கொடுக்கும்.

நிறம். டிசைன் பேப்பர் தொகுப்பு ஒன்றை வாங்கினால் அதில் பத்துப் பன்னிரண்டு பேப்பர் இருக்கும், எல்லாவற்றையும் உபயோகிக்கக் கை அரிக்கும். நான் வைத்திருக்கும் கணக்கு: பூ, கோடு, புள்ளி என்று ஏதாவது போட்ட பேப்பர் ஒன்று, வெற்றுப் பேப்பர் இரண்டு, அவ்வளவுதான். நிறத்தைப் போட்டோவிலிருந்தே ஐட்ராப்பரால் எடுங்கள். ஆனால் போட்டோவில் கண்ணைப் பறிக்கும் நிறத்தை எடுக்காதீர்கள். என் தங்கச்சி அன்று கட்டியிருந்தது நல்ல சிவப்புப் பட்டு. அந்தச் சிவப்பைப் பின்னணிக்குக் கொடுத்தேன், பையன் முகம் காணாமல் போனது. அப்புறம் புடவை மடிப்புக்குள் நிழல் விழுந்த இடத்தில் ஐட்ராப்பரை வைத்தேன், அரக்கு மாதிரி ஒரு நிறம் வந்தது. பின்னணிக்கு மொட்டைத் தலையில் காய்ந்த சந்தனத்தின் நிறம், ஓரப் பட்டைக்கு அந்த அரக்கு. உங்கள் பையனுக்கும் மொட்டை அடித்திருந்தால் சந்தனத்தையே முயன்று பாருங்கள், அது எதோடும் சண்டை போடாத நிறம்.

பக்கம் தட்டையாகத் தெரிவதற்கு நிழல்தான் காரணம். ஒன்று நிழலே இருக்காது, இல்லை எல்லாவற்றுக்கும் ஒரே நிழல் இருக்கும். நிஜத் தாளில் யோசித்துப் பாருங்கள். ஒட்டிய பேப்பர் கிட்டத்தட்டப் பக்கத்தோடு படிந்திருக்கும், நிழல் ஒரு நூல் அளவு. போட்டோ அட்டை கொஞ்சம் தடிமன். பட்டன், காகிதப் பூ போன்றவை நன்றாக மேலே எழும்பி நிற்கும், நிழலும் தள்ளி, மங்கி விழும். 3600 பிக்சல் பக்கத்தில் டிராப் ஷேடோவின் தூரம் பேப்பருக்கு 6, 8 பிக்சல், போட்டோவுக்கு 12 பக்கம், பூவுக்கு 25 என்று நான் தொடங்குவேன், பிறகு கண் சொல்வதைக் கேட்டு மாற்றுவேன். தூரம் கூடக் கூட மங்கலையும் கூட்டி, அடர்த்தியைக் குறைக்க வேண்டும். நிழல் நிறத்துக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். சந்தன நிறப் பின்னணி என்றால் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம், மல்டிப்ளை முறையில் (கீழே உள்ள நிறத்தோடு கலந்து இருட்டாக்கும் முறை).

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். கோணம் 120 என்று வைத்தால் மேல் இடது மூலையிலிருந்து வெளிச்சம், நிழல் கீழ் வலப்பக்கம் விழும். 'குளோபல் லைட்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எல்லா லேயருக்கும் இது ஒன்றாகவே இருக்கும். பொறி எங்கே என்றால், சில பூக்களும் ரிப்பன்களும் நிழலோடு சேர்த்தே வரையப்பட்ட பி.என்.ஜி. படமாக வரும். அதைச் சுழற்றினால் நிழலும் சுழன்றுவிடும், பக்கத்தில் இரண்டு சூரியன் உதித்த மாதிரி ஆகும். வாங்கும்போதே நிழல் இல்லாத படமாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து, உங்கள் டெம்ப்ளேட் செய்தவர் கனவிலும் நினைத்திராத பகுதி. 'கொ' என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அதற்குப் பின்னும்தான் சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பு இயங்காமல் இருந்தால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதற்குள் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்துவிட்டு, மென்பொருளை மூடித் திறங்கள். பதிப்புக்குப் பதிப்பு பெயர் கொஞ்சம் மாறியிருக்கும், 'வேர்ல்டு ரெடி' என்றும் பார்க்கலாம். டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருக்கும் எழுத்து லேயர் இதற்குப் பிறகும் சரியாகாமல் அடம் பிடித்தால், பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்று இருப்பதைக் கொடுங்கள், அல்லது அந்த லேயரை அழித்துப் புதிதாக அடியுங்கள். ஜிம்ப்பில் இந்தத் தலைவலியே கிடையாது, தமிழ் ஒழுங்காக வரும்.

பாமினி போன்ற பழைய ஃபாண்ட்டுகளில் எழுத்து உடையாது, டிசைனர்கள் பலர் இன்னும் அதை விடாததற்கு அதுதான் காரணம். ஆனால் அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பத்து வருடம் கழித்து உங்கள் பையன் திறக்கப்போகிற ஃபைல் இது, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடிலேயே இருக்கட்டும். கூகுள் ஃபாண்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் சின்ன எழுத்துக்கு நன்றாக இருக்கும். கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவனார், குழந்தைப் பக்கத் தலைப்புக்குத் தடித்த பாலூ தம்பி.

ஆங்கிலத்துக்கென்று அமைத்த எழுத்துப் பெட்டியில் தமிழ் கொள்ளாது. சொல் நீளம், இகர ஈகாரச் சுழி மேலே போகும், உகரம் கீழே இறங்கும். எழுத்து அளவைப்போல் ஒன்றரை மடங்காவது வரி இடைவெளி கொடுங்கள், பெட்டியை நீட்டுங்கள், இல்லையென்றால் வாக்கியத்தைக் குறையுங்கள். டெம்ப்ளேட்டில் தலைப்பு எழுத்துகளை அகலமாகத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். அதே டிராக்கிங் தமிழுக்கு இருந்தால் கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கமாகப் பிரிந்து போகும். பூஜ்யமாக்கிவிடுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் தலைப்பும் அப்படியே. 'கொ' ஒரே எழுத்து, அதைப் பிரித்து மூன்று மாடி கட்டக் கூடாது. ஆங்கிலத் தலைப்பில் பெரிய எழுத்து செய்கிற வேலையைத் தமிழில் அளவும் தடிமனும்தான் செய்ய வேண்டும். நான் 'காது' என்று இரண்டே எழுத்தை மிகப் பெரிதாக வைத்தேன்.

என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 'இனிய நினைவுகள்' என்று எழுதாதீர்கள். அது எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது. போட்டோவில் தெரியாததை எழுதுங்கள். என் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஊசி பட்டதும் ஒரே கத்தல். பலூன் வந்ததும் நின்றது. மாமா சட்டையில் ஒட்டிய சந்தனம் இன்னும் போகவில்லை." கீழே தேதி, ஊர், மடியில் வைத்தவர் பெயர், காது குத்தியவர் பெயர். அந்தக் கடைசிப் பெயரைக் குறித்து வைப்பவர்கள் குறைவு.

பிரிண்டுக்கு அனுப்பும்போது எழுத்தும் முகமும் ஓரத்திலிருந்து அரை அங்குலமாவது உள்ளே இருக்கட்டும், லேப்பில் வெட்டும்போது கொஞ்சம் போகும். எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தில், உச்சத் தரத்தில் ஜேபெக்காகச் சேமியுங்கள், லேயர் உள்ள மூல ஃபைலையும் வைத்துக்கொள்ளுங்கள். திரையின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவது தாளில் ஒரு படி இருண்டு வரும், ஆகவே முதலில் சின்ன அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட். நம் ஊர் ஆல்பம் லேப்களில் 12-க்கு 36 தாள் வழக்கமாக ஓடும், ஒரு தாளில் உங்கள் பக்கம் மூன்று சரியாக உட்காரும். மடிப்பு, பைண்டிங் இல்லாமல் தனித் தாளாகப் போட்டு வெட்டித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 8-க்கு 8 ஆகச் சுருக்கிப் போடுவதானால் 8 பாயின்ட்டில் அடித்த எழுத்து ஐந்தே கால் ஆகிவிடும், பாட்டிக்குப் படிக்க முடியாது.

காசுக்குச் செய்து தருவது பற்றி. டெம்ப்ளேட்டோடு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வந்திருக்கும், யாரும் திறப்பதில்லை. அதில் பி.யூ. (PU) என்று மட்டும் இருந்தால் சொந்த உபயோகத்துக்கு மட்டும். எஸ்.ஃபோர்.எச். (S4H) என்று இருந்தால் கூலிக்குப் பக்கம் செய்து தரலாம், எஸ்.ஃபோர்.ஓ. (S4O) என்றால் மற்றவர்களுக்காகச் செய்யலாம் என்று அர்த்தம். ஆனால் காசு வாங்கலாமா, முடித்த பக்கத்தை லேயரெல்லாம் ஒன்றாக ஒட்டிய படமாகத்தான் தர வேண்டுமா என்பதெல்லாம் விற்பவருக்கு விற்பவர் மாறும். லேயர் ஃபைலை வாடிக்கையாளருக்கு அப்படியே கொடுப்பது அநேகமாக எங்கும் அனுமதி இல்லை. பேப்பரும் பூவும் வேறு வேறு ஆளிடம் வாங்கியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எதுவும் எழுதியில்லை என்றால் விற்றவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வருவதற்குள் உங்கள் பையன் பக்கத்தில் நாலு போட்டோவை நீக்கிவிட்டு லேப்புக்கு அனுப்பிவிடலாம், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.